லீட்ஸில் பார்த்தது நியூஜெர்சியில் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி இதுதான்: கேட்டவரின் அப்பா 1970களின் தொடக்கத்தில் லீட்ஸில் படித்தவர். இப்போது மகளோடு நியூஜெர்சியில் இருக்கிறார். அந்தக் காலத்தில் டிவியிலும் தியேட்டரிலும் பார்த்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ‘டாட்ஸ் ஆர்மி’, ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’, ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படங்கள், ‘தி தேர்ட் மேன்’, அப்புறம் ‘பிளே ஃபார் டுடே’ வரிசையில் பார்த்த ஏதோ ஒரு நாடகம். மகள் ஆறு மாதம் தேடியும் பாதிதான் அகப்பட்டது. அதிலும் ஒன்று பிளேயரில் ஓடவில்லை. “இங்கேயும் ஆங்கிலம், அங்கேயும் ஆங்கிலம். பிரிட்டிஷ் படம் அமெரிக்காவில் டிஸ்க்காகக் கிடைப்பதற்கு என்ன கேடு?” என்று கேட்கிறார்.

நானும் இருபது வருடமாக இங்கே உட்கார்ந்துகொண்டு இதே பைத்தியத்தில் இருப்பவன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘கிடைக்கவில்லை’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது மூன்று வெவ்வேறு நிலைமைகளை. சில நிகழ்ச்சிகள் இந்த உலகத்திலேயே இல்லை, அழிந்துவிட்டன. சில இருக்கின்றன, ஆனால் அவற்றை அமெரிக்காவில் விற்கும் உரிமை யாரிடமோ சிக்கிக் கிடக்கிறது. மூன்றாவது வகை பிரிட்டனில் அழகான பதிப்பாகக் கடையில் கிடைக்கிறது, உங்கள் வீட்டுப் பிளேயர்தான் அதை ஏற்க மறுக்கிறது. உங்கள் அப்பாவின் பட்டியலில் மூன்றுமே இருக்கின்றன. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அழிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1960களிலும் 70களின் பெரும்பகுதியிலும் பிபிசி தன் நிகழ்ச்சிகளைத் தானே அழித்தது. இரண்டு அங்குல அகல வீடியோ டேப் அப்போது யானை விலை. ஒரு டேப்பை அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வதுதான் சிக்கனம் என்று நினைத்தார்கள். நடிகர் சங்கத்தோடு போட்டிருந்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. 1969இல் பிபிசி 1 வண்ணத்துக்கு மாறியதும் கறுப்பு வெள்ளை டேப்புகளை யாரும் சீந்தவில்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய நிகழ்ச்சியைப் போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று அன்றைக்கு யார் கண்டது? 1978இல்தான் இந்த வழக்கம் நின்றது.

‘டாட்ஸ் ஆர்மி’ மொத்தம் 80 எபிசோடு. அதில் 1969இல் வந்த இரண்டாவது தொடரின் மூன்று எபிசோடுகள் இன்றுவரை இல்லை. காணாமல் போயிருந்த வேறு இரண்டு 2001இல் திரும்பக் கிடைத்தன. அந்த மூன்றையும் 2019இல் புது நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். ஆகவே ‘முழுத் தொகுப்பு’ என்று அட்டையில் போட்டிருந்தும் மூன்று குறைகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான் இருக்கிறது.

‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ கதை இன்னும் விசித்திரம். 1970இல் அந்தத் தொடர் வண்ணத்தில் திரும்ப வந்தது. அப்பா லீட்ஸில் அதை வண்ணத்திலேயே பார்த்திருக்கலாம். டிஸ்க்கில் பார்த்தால் அந்த வருடத்து எபிசோடுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். “இது வண்ணத்தில் வந்ததே, ஏமாற்றுகிறார்கள்” என்று அவர் சொன்னால், சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். வண்ண மூலங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எழுத்தாளர்களான ரே கால்டனுக்கும் ஆலன் சிம்ப்சனுக்கும் என்று அந்தக் காலத்து வீட்டு உபயோக டேப்பில் எடுத்துக் கொடுத்திருந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகள்தான் மிஞ்சின. அந்தக் கலங்கல் படமாவது இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மற்றவற்றின் நிலை இன்னும் மோசம். 1953இல் வந்த ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ ஆறு எபிசோடு. முதல் இரண்டு மட்டுமே பதிவாயின. பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் முதல் ஆறு வருட எபிசோடுகள் 253. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் கிடைத்த ஒன்பது படச்சுருள்களைப் பற்றி 2013இல் அறிவித்தார்கள். அவற்றைச் சேர்த்த பிறகும் 97 எபிசோடுகள் கிடைக்காமலே இருந்தன. நைஜீரியாவுக்கு எப்படிப் போனது என்றால், வெளிநாட்டு டிவி நிலையங்களுக்கு விற்பதற்காக நிகழ்ச்சிகளை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் பிரதி எடுத்து அனுப்பினார்கள். ஒரு நாட்டில் ஓட்டி முடித்ததும் சுருள் அடுத்த நாட்டுக்குப் போகும். 1992இல் வீடியோவாக வந்த ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ என்ற ‘டாக்டர் ஹூ’ கதை ஹாங்காங்கில் அகப்பட்டது. சொந்த வீட்டில் எரித்துவிட்ட கடிதம் தூரத்து உறவினர் வீட்டுப் பரணில் கிடைத்தது மாதிரி.

சரி, அடுத்த வகைக்கு வருவோம். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான், இந்த உரிமைச் சிக்கல்.

பழைய பிரிட்டிஷ் படங்களை எடுக்கும்போதே பணம் போட்டவர்கள் உலகத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ‘தி தேர்ட் மேன்’ 1949இல் வந்தது. லண்டனில் அலெக்சாண்டர் கோர்டாவும் ஹாலிவுட்டில் டேவிட் செல்ஸ்னிக்கும் சேர்ந்து தயாரித்தார்கள். அமெரிக்கப் பக்கம் செல்ஸ்னிக்குக்கு, மற்றது கோர்டாவுக்கு. செல்ஸ்னிக் சும்மா இருக்கவில்லை, படத்தில் 11 நிமிடம் வெட்டினார். பிரிட்டிஷ் பதிப்பில் தொடக்கத்தில் வியன்னாவைப் பற்றிப் பேசுகிற குரல் இயக்குநர் கேரல் ரீடுடையது. அமெரிக்கப் பதிப்பில் அதே இடத்தில் கதாநாயகன் ஜோசப் காட்டன் பேசுவார். டிஸ்க் வாங்கியதும் முதல் நிமிடத்தைக் கேட்டாலே எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். 104 நிமிடம் என்றால் பிரிட்டிஷ், 93 என்றால் அமெரிக்கா. அப்பா லீட்ஸில் பார்த்தது 104 நிமிடப் படம்.

அதோடு முடியவில்லை. செல்ஸ்னிக் இறந்தபின் அமெரிக்காவில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். படம் பொதுச் சொத்தாகி, யார் வேண்டுமானாலும் தேய்ந்த பிரதியைப் போட்டு விற்றார்கள். 1996இல் சட்டம் மாறி வெளிநாட்டுப் படங்களின் உரிமை மீண்டது. பிறகு பழைய படங்களை டிஸ்க்காகப் போடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் நல்ல டிவிடியும், 2008இல் ப்ளூ-ரேயும் கொண்டுவந்தது. 2010இல் பிரெஞ்சு நிறுவனமான ஸ்டுடியோகனால் உரிமையை எடுத்துக்கொள்ள, கிரைட்டீரியன் பதிப்பு நின்றுபோயிற்று. பழைய டிஸ்க் சந்தையில் அதன் விலை நூறு டாலரைத் தாண்டியதை நான் பார்த்தேன். இருக்கிற ஒரு பிரதியை விற்றுவிடலாமா என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தேன். விற்கவில்லை.

ஒரு பிரிட்டிஷ் படத்தின் உரிமை பிரெஞ்சுக்காரர்களிடம் எப்படிப் போனது? ஈலிங் படங்களும் அதே வழியில்தான் போயின. ஈலிங் ஸ்டுடியோ கட்டடத்தை 1955இல் பிபிசி வாங்கியது. படங்கள் வேறு கைக்குப் போய், 1969இல் இஎம்ஐயிடம் வந்தன. 1986இல் கேனன் வாங்கியது. அப்புறம் வெயின்ட்ராப், லூமியேர், யுஜிசி, கடைசியில் ஸ்டுடியோகனாலின் தாய் நிறுவனமான கனால் பிளஸ். தாத்தா வாங்கிய நிலத்தைப் பேரன்கள் அடகு வைத்து, அடகுக் கடையும் நொடித்துப்போய், பத்திரம் ஊர் ஊராகச் சுற்றிய கதை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அமெரிக்க விநியோக ஒப்பந்தம் புதிதாகப் பேச வேண்டும். ஒரு நிறுவனத்தோடு ஐந்தோ ஏழோ வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள், முடிந்ததும் டிஸ்க் அச்சில் இருக்காது. நீங்கள் தேடிய ஆறு மாதம் அப்படி ஓர் இடைவெளியில் விழுந்திருக்கலாம்.

ஈலிங் படம் வாங்கும்போது பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். ‘டெட் ஆஃப் நைட்’ அமெரிக்காவில் வெளியானபோது அதன் கதைகளில் இரண்டையே எடுத்துவிட்டார்கள். ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்’ கடைசியில் கொலைகாரன் சிறையில் விட்டுவந்த வாக்குமூலத்தை நினைத்து உறைந்து நிற்பான், படம் அங்கேயே முடியும். அவன் மாட்டிக்கொண்டானா என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும், படத்தின் ருசியே அதில்தான். குற்றவாளி தப்பிப்பதாகக் காட்டக் கூடாது என்ற அன்றைய அமெரிக்கத் தணிக்கைக்காக அந்த வாக்குமூலம் அதிகாரிகள் கையில் சிக்குவதாகச் சில விநாடிகளைச் சேர்த்தார்கள்.

பெயரும் மாறும். இதைக் கவனிக்காமல் நானே ஒரு படத்தை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ‘விஸ்கி கலோர்’ அமெரிக்காவில் ‘டைட் லிட்டில் ஐலண்ட்’. ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ இங்கே ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. ‘நைட் ஆஃப் தி டீமன்’ ‘கர்ஸ் ஆஃப் தி டீமன்’ ஆகிறது. ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ‘தி கான்கரர் வோர்ம்’ என்று பெயர் வைத்தார்கள். கடைத் தளத்தில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

டிவி தொடர்களுக்குப் பாட்டு வேறு ஒரு வில்லன். பிரிட்டனில் டிவி நிறுவனங்களும் டிஸ்க் வெளியிடுபவர்களும் இசை உரிமை அமைப்புகளோடு மொத்தமாக ஒப்பந்தம் வைத்துக்கொள்வது வழக்கம். பின்னணியில் ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால் பெரிய தலைவலி இல்லை. அமெரிக்காவில் டிஸ்க் போட வேண்டுமென்றால் பாட்டுப் பாட்டாகப் பேரம் பேச வேண்டும். 1965இல் வந்த ‘டாக்டர் ஹூ’வின் ‘தி சேஸ்’ கதையில் ஒரு காலக்கண்ணாடித் திரையில் பீட்டில்ஸ் பாடுவதாகக் கொஞ்ச நேரம் காட்டுவார்கள். அது ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியிலிருந்து எடுத்த துண்டு. மூல நிகழ்ச்சி அழிந்துவிட்டது, இந்தத் துண்டு மட்டும் ‘டாக்டர் ஹூ’வுக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்தது. பிரிட்டிஷ் டிவிடியில் அது இருக்கிறது, அமெரிக்க டிவிடியில் வெட்டிவிட்டார்கள்.

பாட்டு, நடிகர் சங்கம், எழுத்தாளரின் வாரிசு என்று ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்து, எத்தனை டிஸ்க் விற்கும் என்று கணக்குப் போட்டால் முக்கால்வாசித் தொடர்களுக்குக் கட்டுப்படியாகாது. ‘டாக்டர் ஹூ’வுக்குக் கட்டுப்படியாகிறது, அதனால் அமெரிக்கப் பதிப்பு வருகிறது. உரிமை அமெரிக்க ஸ்டுடியோவிடமே இருந்தாலும் வெளியிட மனம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கென் ரஸ்ஸலின் ‘தி டெவில்ஸ்’ வார்னர் படம். ஆனால் 2012இல் அதை டிவிடியாகப் போட்டது பிரிட்டனில், பிஎஃப்ஐ என்கிற பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட். அன்றைக்கு அமெரிக்காவில் அதற்கு டிவிடியே கிடையாது.

ஆகவே என் யோசனை ஒன்றுதான். அமெரிக்கப் பதிப்பு வரும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு பிரிட்டிஷ் டிஸ்க்கையே வாங்கி, அதை ஓட்டுகிற பிளேயரை வீட்டில் வையுங்கள். இனி பேச வேண்டியது அந்த மூன்றாவது வகை, பூட்டு.

எந்த டிஸ்க் எங்கே ஓடலாம் என்று உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், அந்தப் பகுதிதான் ரீஜன். டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் ரீஜன் 1, பிரிட்டன் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. நம்மவர்கள் இதில் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்று மளிகைக் கடைகளில் விற்ற தமிழ்ப் பட டிவிடிகள் பெரும்பாலும் எல்லா ரீஜனிலும் ஓடுகிறபடி போட்டவை. வாங்கி வந்து செருகினால் ஓடும். ரீஜன் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாமல் போனது.

ரீஜன் பூட்டு தவிர இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். பிரிட்டிஷ் டிவி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 சட்டகம், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க டிவி என்டிஎஸ்சி, 60 ஹெர்ட்ஸ். ரீஜன் பூட்டைத் திறந்தாலும் உங்கள் டிவி 50 ஹெர்ட்ஸ் சமிக்ஞையை ஏற்காவிட்டால் கறுப்புத் திரைதான். பிளேயரே பால் படத்தை என்டிஎஸ்சியாக மாற்றித் தர வேண்டும். ப்ளூ-ரே ஆனாலும் பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிகள் பல 50 ஹெர்ட்ஸிலேயே இருக்கும், கவனம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஓர் ஆன்லைன் கடையில் ‘எல்லா ரீஜனும் ஓடும்’ என்று போட்டிருந்த ப்ளூ-ரே பிளேயரை வாங்கினேன். பிரிட்டிஷ் டிவிடி போட்டேன், ஓடியது. சந்தோஷமாக பிஎஃப்ஐ ப்ளூ-ரே ஒன்றைப் போட்டேன். ‘இந்த டிஸ்க்கை உங்கள் பகுதியில் இயக்க முடியாது’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. விளம்பரத்தைத் திரும்பப் படித்தால், கடைசியில் பொடி எழுத்தில் ‘டிவிடிக்கு மட்டும்’ என்று இருந்தது. ஆகவே வாங்கும்முன் மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: டிவிடி எல்லா ரீஜனுமா, ப்ளூ-ரே ஏ, பி, சி மூன்றுமா, பாலை என்டிஎஸ்சியாக மாற்றுமா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் மட்டும் காசை எடுங்கள்.

4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. பிரிட்டனில் வாங்கினாலும் இங்கே 4கே பிளேயரில் ஓடும். ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். கம்ப்யூட்டரில் பார்ப்பதென்றால், டிவிடி டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அப்படியே நின்றுவிடும். விஎல்சி என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் அதைச் சட்டை செய்யாமல் ஓட்டிவிடும்.

பால் டிவிடியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த சினிமாவை அதில் 25ஆக ஓட்டுகிறார்கள். நூறில் நான்கு பங்கு வேகம் கூடும். 104 நிமிட ‘தேர்ட் மேன்’ சுமார் 100 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். வேகத்தோடு சுருதியும், சரிசெய்யாமல் விட்டிருந்தால், அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அந்தப் படம் முழுக்க ஆன்டன் காராஸின் ஜிதர் வாத்தியம்தான், காது பழகியவருக்கு ஏதோ மாறியது போல இருக்கும். ப்ளூ-ரேயில் சினிமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே படங்களுக்கு ப்ளூ-ரே, டிவி தொடர்களுக்கு டிவிடி போதும் என்பது என் கணக்கு.

வாங்கும் இடம் பற்றி. பிபிசிக்குப் போட்டியான ஐடிவியின் பழைய தொடர்களையும் யாரும் தொடாத சின்னப் படங்களையும் ஒரு காலத்தில் அள்ளிப் போட்டது நெட்வொர்க் என்ற லண்டன் நிறுவனம். 1997இல் தொடங்கியது, 2023இல் மூடியது. அதன் டிஸ்க்குகள் பலவற்றுக்கு மாற்றே வரவில்லை, நியாயமான விலையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். பிஎஃப்ஐ, ஸ்டுடியோகனால், இண்டிகேட்டர் ஆகியோர் இன்னும் போடுகிறார்கள். ‘டாக்கிங் பிக்சர்ஸ்’ என்ற பழைய பட டிவி சேனல்காரர்களின் ரினௌன் வெளியீடுகளும் இருக்கின்றன.

அமெரிக்காவுக்குள்ளேயே பார்க்க முடிகிறதா என்றால், கொஞ்சம் முடியும். ஏகார்ன், 2017இல் இங்கே வந்த பிரிட்பாக்ஸ் என்று இரண்டு ஸ்ட்ரீமிங் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் இன்றைக்கு இருப்பது அடுத்த மாதம் இருக்குமென்று சொல்ல முடியாது. நெட்ஃப்ளிக்ஸின் தபால் டிவிடி சேவை 2023 செப்டம்பரோடு முடிந்ததில் எனக்குப் பெரிய நஷ்டம், கடையில் அச்சு நின்ற டிஸ்க்கெல்லாம் அதில் கிடைத்தது. அந்த இடத்தை இப்போது ஊர் நூலகம் நிரப்புகிறது. நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் தளத்தில் தேடி, எந்த ஊர் நூலகத்தில் டிஸ்க் இருக்கிறது என்று கண்டுபிடித்து, உங்கள் நூலகரிடம் சொன்னால் நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறையில் வரவழைக்கப் பார்ப்பார். அமெரிக்க நூலகத்திலிருப்பது பெரும்பாலும் ரீஜன் 1 பதிப்பாகவே இருக்கும், புதுப் பிளேயர் வாங்காமலே பார்க்கலாம். அச்சு நின்ற அமெரிக்கப் பதிப்புகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது அப்பா பார்த்த அந்த ‘பிளே ஃபார் டுடே’ நாடகம். 1970 அக்டோபரில் தொடங்கி 1984 வரை ஓடிய வரிசை அது, முந்நூறுக்கும் மேலான நாடகங்கள். சில அழிந்துவிட்டன. பிஎஃப்ஐ 2020இலிருந்து ப்ளூ-ரே பெட்டிகளாகச் சிலவற்றைப் போட்டு வருகிறது. பெயர் தெரியாமல் தேடுவது கஷ்டம்தான், ஆனால் பிபிசியின் ஜீனோம் தளத்தில் அந்தக் காலத்து ‘ரேடியோ டைம்ஸ்’ நிகழ்ச்சி நிரல் அப்படியே இருக்கிறது. அப்பா லீட்ஸில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார், நாடகத்தில் என்ன நடந்தது, குளிர்காலமா கோடைக்காலமா, விடுதி டிவியில் பார்த்தாரா வாடகை வீட்டிலா என்று ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். கதைச் சுருக்கத்தை நான்கு வரியில் எனக்கு எழுதினால் நானும் நிரலைப் புரட்டிப் பார்க்கிறேன்.